காம்பில்லாத ஈஸ்டர்

பூப் பறிக்கத் தெரியாத மனிதர் உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சமைக்கத் தெரியாதவர்கள் இருக்கலாம். நீந்தத் தெரியாதவர்கள் இருக்கலாம். (திருகோணமலையில் பிறந்தும் நீந்தத் தெரியாதவள்தான் நான், அதை விடுங்கள்.) ஆனால் பூப் பறிக்க என்ன தெரிய வேண்டிக் கிடக்கிறது? கை இருந்தால் போதாதா? போதாது. கை இருந்ததுதான் பிரச்சினையே. இதை, ஈஸ்டருக்கு முதல் நாளான ஒரு பெரிய சனிக்கிழமை காலையில், மாமியாராக வரப்போகிறவரின் தோட்டத்தில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

என் கையைப் பழக்கியது அம்மா. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிள்ளையார் கோயில். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. அந்தப் பூவைப் பறிக்க அம்மா வைத்திருந்த சட்டதிட்டங்களைப் பார்த்தால் சத்திரசிகிச்சை செய்யப் போகிற டொக்டரே பயந்துவிடுவார். முதலில் தலை முழுக வேண்டும். செருப்புப் போடக் கூடாது. பூவை மணந்து பார்க்கக் கூடாது, மணந்தால் அது எச்சில். (தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்த நாட்களிலும் எனக்கு விலக்குக் கிடையாது.) விரிந்த பூவை மட்டும் எடுக்கலாம், மொட்டைத் தொடக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சட்டம் காம்பைப் பற்றியது. பூவைக் கழுத்தோடு கிள்ள வேண்டும். ஒருமுறை நான் செவ்வரத்தையைக் காம்போடு கொண்டுவந்து கூடையில் போட்டுவிட்டேன்.

"காம்போட வச்சா சாமிக்குக் குத்தாதோ?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தவறு நேர்ந்ததே இல்லை. அரை நித்திரையில் கொண்டுபோய்ப் பூமரத்தடியில் விட்டாலும் கழுத்தோடுதான் கிள்ளுவேன். கோயில் ஐயர் ஒருநாள் என் கூடையைப் பார்த்து, "சுகந்தி ஆய்ஞ்ச பூ எண்டா பார்க்கவே தெரியும்" என்று சொன்னது என் வாழ்க்கையில் கிடைத்த முதல் நற்சான்றிதழ். பரீட்சை எதிலும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

பூச்சாடி எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அதில் இருந்தவை பிளாஸ்டிக் ரோசாக்கள். பொங்கலுக்கு முதல் நாள் அவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, திரும்பவும் குத்திவிடுவோம். பூச்சாடி பற்றிய என் அறிவு அவ்வளவுதான்.

இனி அன்ரன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருவரும் வேலை செய்தோம். அவர் கத்தோலிக்கர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. விரும்பினோம். என் வீட்டில் நான் அழுது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பட்டினி கிடந்து (அறைக்குள் பிஸ்கட் இருந்தது), ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன். அன்ரனின் அப்பாவும் பிரச்சினை இல்லை. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் சிரிக்கிற மனிதர். பிரச்சினை அன்ரனின் அம்மா. கூடாது என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை பிடித்திருக்கலாம். அவர் சொன்னது ஒரே ஒரு சொல்.

"பாப்பம்."

அன்ரன் எப்போது கேட்டாலும் அதே பாப்பம். தீபாவளிக்குக் கேட்டார், பாப்பம். நத்தாருக்குக் கேட்டார், பாப்பம். "வீட்டுக்கு ஏ.சி. பூட்டுவம் எண்டு நான் கேட்டதுக்கும் உதுதான் சொன்னவ. இண்டு வரைக்கும் பனையோலை விசிறிதான்" என்று அன்ரனின் அப்பா, அதாவது அங்கிள், என்னிடம் ரகசியமாக எச்சரித்தார். அம்மா வாயால் ஓம் என்று வராமல் தாலி கட்டமாட்டேன் என்பதில் அன்ரன் உறுதியாக இருந்தார். ஆக, என் முழு எதிர்காலமும் அந்தப் பெண்மணியின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அழைப்பு வந்தது. அவர்களுடைய தேவாலயத்தில் ஈஸ்டருக்குப் பீடத்தில் பூ வைக்கும் முறை அந்த வருடம் அவர்கள் வீட்டுக்கு. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுக்கப் பீடத்தில் ஒரு பூவும் இராது. அத்தனை நாள் வெறுமைக்குப் பிறகு வருகிற முதல் பூ. வீட்டுக்கு வீடு முறை மாறி, பல வருடம் காத்திருந்து கிடைத்த ஈஸ்டர் அது.

"பெரிய சனி காலமை வாங்கோ பிள்ளை. பூ அடுக்க ஒரு கை வேணும்" என்றார் அன்ரனின் அம்மா போனில்.

நான் போனை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். எத்தனையோ வேலை இருக்க, பூ! சமைக்கக் கூப்பிட்டிருந்தால் செத்திருப்பேன். பைபிளில் கேள்வி கேட்டிருந்தால் முழிசியிருப்பேன். இது நான் குழந்தையிலிருந்து படித்த பாடம். பிள்ளையாரே பார்த்து அனுப்பிய பரீட்சைத் தாள் என்று நினைத்தேன்.

பெரிய சனி காலையில் தலை முழுகி, ஈரத் தலையில் துவாயைக் கட்டிப் பிறகு அவிழ்த்து, முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அன்ரன் வீட்டு வாசலில் நின்றால் உட்துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் தலை தெரியும். வீட்டின் முன்பக்கம் முழுக்கத் தோட்டம், அதைச் சுற்றிப் பழைய மீன்வலை. மான்களுக்காக. திருகோணமலை நகரத்து மான்களைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவை பாட்டுக்கு வீதியில் நடக்கும், பஸ் தரிப்பிடத்தில் நிழலுக்கு நிற்கும், கேற் திறந்து கிடந்தால் உள்ளே வந்து பூச்செடிகளை மொட்டையடித்துவிட்டுப் போகும். பூவை மட்டும் தின்னும், தண்டை விட்டுவிடும். இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலைக்குள்ளே சீனியா, ஜெர்பரா, ரோசா எல்லாம் நின்றன. ஆனால் ராணி அங்கே வெள்ளை லில்லிதான். நுவரெலியாவிலிருந்து கிழங்காக வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்ததாம். மாமரத்து நிழலில் சட்டிகளில் வைத்து, எங்கள் வெயில் தாங்காது என்று பின்னேரங்களில் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தார். (அங்கிளுக்கு ஏ.சி. இல்லை, லில்லிக்கு உண்டு.) ஒவ்வொரு தண்டும் இடுப்பளவு. உச்சியில் இரண்டு மூன்று பூ விரிந்து, கீழே மொட்டுகள் பச்சையாகத் தொங்கின.

"பாருங்கோ பிள்ளை, என்ன வாசம்" என்று அன்ரி ஒரு லில்லிக்குள் மூக்கை முழுவதுமாக விட்டு இழுத்தார். மூக்கு நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியது. நான் மனதுக்குள் ஐயோ என்றேன். சாமிக்கு வைக்கிற பூ! என்னையும் மணக்கச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "நல்ல வாசம் அன்ரி" என்றேன்.

"நான் சேர்ச்சுக்குப் போய்ப் பீடம் துடைச்சிட்டு ஓடி வாறன். அதுக்குள்ள விரிஞ்ச பூ எல்லாத்தையும் ஆய்ஞ்சு தண்ணிக்குள்ள போட்டு வையுங்கோ. வந்து சாடியில அடுக்குவம். உங்களுக்குப் பூ ஆயத் தெரியுந்தானே?"

"அன்ரி, அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்ரனையும் மெழுகுதிரி வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிள் விறாந்தைக் கதிரையில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். மேசையில் முழங்கால் உயரக் கண்ணாடிப் பூச்சாடி ஒன்று, அலுமாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய கத்தரிக்கோல். கத்தரிக்கோலைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ரிப்பன் வெட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினேன். அன்று நான் பூப் பறித்த அழகை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். ஒரு இதழ் கசங்கவில்லை. ஒரு மொட்டில் கை படவில்லை. சீனியா, ஜெர்பரா, ரோசா, எல்லாம் கழுத்தோடு. கடைசியாக லில்லி. அதன் கழுத்துக் கொஞ்சம் தடிப்பு, இரண்டு விரலால் மெதுவாகத் திருக வேண்டியிருந்தது. திருகினேன். அகலமான வெண்கலத் தட்டம் ஒன்று குசினியில் இருந்தது, அதில் தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் மிதக்கவிட்டேன். பார்க்கக் கண் நிறைந்தது. இந்த உயரமான சாடியில் தண்ணீரை நிரப்பி, நிறைகுடத்துக்கு மேலே தேங்காய் வைப்பதுபோல, வாயில் ஒரு லில்லியை வைப்பார்கள் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கேற் திறந்த சத்தம் கேட்டது. அடுத்து அன்ரியின் குரல்.

"ஐயோ! மான்!"

குசினியிலிருந்த எனக்கு விளங்கவில்லை. அவர் தொடர்ந்தார். "என்ட லில்லி! என்ட ஆண்டவரே, எல்லாத்தையும் திண்டிட்டுதே! அன்ரன்ட அப்பா! கதிரையில இருந்து என்ன செய்து கொண்டிருந்தனீங்கள்?"

அங்கிள் திடுக்கிட்டு எழும்பி, கையிலிருந்த பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வீதிக்கு ஓடினார். வீதியில் ஒரு மான் நின்றது. பாவம், அது யாரோ போட்ட வாழைப்பழத் தோலைச் சப்பிக்கொண்டு தன் பாட்டுக்கு நின்றது. "கள்ள மானே!" என்று அங்கிள் அதைத் துரத்தினார். அந்த மானின் வம்சம் இன்றைக்கும் என்னை மன்னித்திருக்காது.

நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முகம் முழுக்கப் பல்.

"அன்ரி, மான் வரேல்ல. நான்தான் ஆய்ஞ்சனான். ஒண்டையும் விடேல்ல."

அன்ரி தட்டத்தைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். தலையில்லாத தண்டுகள் வரிசையாக நின்றன. திரும்பவும் தட்டத்தைப் பார்த்தார். வாய் திறந்தபோது குரல் மிகவும் சாதுவாக வந்தது. அதுதான் பயங்கரம்.

"காம்பு எங்கை பிள்ளை?"

"காம்பு எதுக்கு அன்ரி?"

அவர் விறாந்தைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் மெழுகுதிரிப் பெட்டியோடு வந்த அன்ரன் முதலில் தோட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு முழங்கால் உயரப் பூச்சாடியைப் பார்த்தார். அவர் அப்போது சிரித்திருக்கக் கூடாது. அவர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு விஷயமே விளங்கியது. பூச்சாடியில் பூ நிற்க வேண்டும். நிற்பதற்குக் கால் வேண்டும். அத்தனை பூவின் காலையும் நான் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவுக்காக அழவில்லை. இனி எந்த வாயால் ஓம் வரும் என்று நினைத்துத்தான் அழுதேன்.

"அழாதைங்கோ, வழி இருக்குது" என்றார் அன்ரன். வழி என்று அவர் கொண்டுவந்தது வீட்டுக்குப் புதிதாக வாங்கியிருந்த விளக்குமாறு. அதை அவிழ்த்து, ஒவ்வொரு ஈர்க்கிலும் ஒவ்வொரு பூவைக் குத்தினோம். சீனியா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. ரோசா அவிழ்ந்து கொட்டியது. லில்லி ஈர்க்கு வழியாகச் சறுக்கிக்கொண்டே போய்ச் சாடியின் விளிம்பில் உட்கார்ந்தது. வாசலால் கடற்காற்று வேறு அடித்தது. ஜெர்பராக்கள் எல்லாம் ஈர்க்கில் கிறுகிறுவென்று சுழன்றன. மானைத் துரத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு வந்த அங்கிள் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"சூரன்போரில சூரனுக்குத் தலை மாத்தின மாதிரிக் கிடக்குது" என்றார்.

அன்ரியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் எழும்பி வந்தார். ஈர்க்கெல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடுங்கி எறிந்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். நானும் வாலைப்போலப் பின்னால் போனேன்.

"இதை ஏன் விட்டனீங்கள்?" என்று லில்லித் தண்டைத் தொட்டுக் கேட்டார்.

"எதை அன்ரி?"

"மொட்டு."

"மொட்டை ஆயக் கூடாது எண்டு அம்மா சொன்னவ. அது இன்னும் சாமிக்கு எண்டு ஆகேல்லையாம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தண்டை அடியோடு வெட்டினார். ஒன்று, அடுத்தது, அடுத்தது. உச்சி மொட்டையாக, கழுத்துக்குக் கீழே பச்சை மொட்டுகள் மட்டும் தொங்குகிற தண்டுகள். அவற்றைத்தான் கண்ணாடிச் சாடியில் அடுக்கினார். என் தட்டத்தையும் எடுத்துத் திரும்பத் தண்ணீர் ஊற்றி, பிழைத்துக் கிடந்த பூக்களை மிதக்கவிடச் சொன்னார். நான் மிதக்கவிட்டேன். அந்த வேலை எனக்கு வரும். வெள்ளை லில்லி நடுவில், சுற்றி மஞ்சள் ஜெர்பரா, வெளிச்சுற்றில் சீனியா. கோயிலில் பூக்கோலம் போட்ட கை.

"வேற வழியில்லை. சாடி மேல, தட்டம் பீடத்துக்குக் கீழ" என்றார் அன்ரி.

பின்னேரம் ஓட்டோவில் கொண்டுபோனோம். தேவாலய வாசலில் பை சோதிக்க நின்ற பொலிஸ்காரர் தட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பூச்சாடிக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. வெறும் தடி.

"பூ எங்க?" என்றார்.

"நாளைக்கு வரும்" என்றார் அங்கிள்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். உள்ளே அந்தத் தடிகளை யாரும் பகிடியாக எடுக்கவில்லை. பீடத்தில் தடிகளைக் கண்ட சில பெண்கள் காதோடு காதாக ஏதோ கதைத்தார்கள். அன்ரி நிமிர்ந்த தலை குனியாமல் சாடியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். எனக்காக ஒருவர் அவமானப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று அன்று தெரிந்தது. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இரவுத் திருப்பலி முடிந்து அன்ரன் போனில் சொன்னது, "பாதர் ரெண்டு தரம் சாடியைத் திரும்பிப் பாத்தவர்" என்பது மட்டும். நான் அம்மாவின் மடியில் படுத்து, பிஸ்கட் கூட இல்லாமல், உண்மையாகவே பட்டினி கிடந்தேன்.

காலையில் போன் அடித்தது. அன்ரன்.

"வெளிக்கிடுங்கோ. காலமைப் பூசைக்கு அம்மா உங்களை வரச் சொல்றா."

"ஏனாம்?"

"தெரியாது. வரச் சொல்லு எண்டவ."

முடிவைச் சொல்லத்தான் என்று நினைத்தேன். சொல்வதென்றால் நல்ல சேலையோடே கேட்போம் என்று கட்டிக்கொண்டு போனேன். தேவாலயத்துக்குள் கடைசி வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்து, பயந்து பயந்து பீடத்தைப் பார்த்தேன்.

லில்லி விரிந்திருந்தது.

எல்லாம் இல்லை. ஆனால் அந்தப் பச்சைத் தண்டுகளில் கீழே தொங்கிய மொட்டுகள் ஐந்தாறு, இரவுக்கிரவே எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வாய் திறந்து, வெள்ளையாக, உயிரோடு நின்றன. கீழே தட்டத்தில் நேற்றைய பூக்கள் மிதந்தன. மேலே இன்றைய பூக்கள். நான் திட்டமிட்டு ஒன்றையும் செய்யவில்லை. கடவுள்கள் இருவரும் தங்களுக்குள் கதைத்து ஏதோ ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

திருப்பலி முடிந்ததும், முதல் நாள் காதோடு காதாகக் கதைத்த பெண்களில் ஒருவர் அன்ரியிடம் வந்தார்.

"இரவு வெறுந்தடி, காலமை பூ, ஆண்டவர் உயிர்த்தது போலவே. எனக்கு அழுகையே வந்திட்டுது. ஆற்ற யோசினை இது?"

"என்ட மருமகள்ட" என்றார் அன்ரி.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரந்த மருமகள்? பின்னால் ஒரு தூண் மட்டும்தான் நின்றது. அதற்குப் பிறகுதான் அன்ரன் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பது நினைவுக்கு வந்தது.

"அன்ரி..." என்று நான் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன அன்ரி? மாமி எண்டு சொல்லு. போய் அந்தத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வா."

அதுவரை நீங்கள், வாங்கோ, போங்கோ. அன்றைக்கு முதல் தரம் நீ. உலகத்தில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பெரிய சனி வந்து நான் தோட்டத்துப் பக்கம் போனால் போதும், மாமா கதிரையில் இருந்தபடியே சத்தம் வைப்பார்: "கேற்றைப் பூட்டுங்கோ, மான் வருது!" என் மகளுக்கு இந்தக் கதை முழுக்கப் பாடம். பாலர் பாடசாலையில் அம்மாவைப் படம் வரையச் சொன்னபோது, எனக்குச் சின்னதாக இரண்டு கொம்பு வைத்து வரைந்தாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

பூச்சாடிக்கு இப்போது நான் கத்தரிக்கோலோடுதான் போகிறேன், காம்போடுதான் வெட்டுகிறேன். ஆனால் எல்லாம் வெட்டி முடிந்த பிறகு மாமி தானே ஒரு லில்லியிடம் போவார். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுப்பார். பிறகு இரண்டு விரலால் கழுத்தோடு திருகி, என் கையில் தருவார்.

"இந்தா, இது உன்ட பிள்ளையாருக்கு."

நான் அதை ஈரத் துணியில் பொதிந்துகொண்டு அன்புவழிபுரத்துக்குப் போவேன். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, காம்பு இல்லை என்று பார்த்து மகிழ்ந்து, ஒவ்வொரு வருடமும் தவறாமல் கேட்பார்.

"ஒருத்தரும் மணந்து பாக்கேல்லைத்தானே?"

"இல்லையம்மா" என்பேன் நான்.

பிள்ளையார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.